ஸ்டீபன் சௌ: திரையிலிருந்து விலகிக்கொண்டே வளர்ந்த இயக்குநர்

1992ஆம் ஆண்டு அதிகம் வசூலித்த ஹாங்காங் படங்களில் முதல் ஐந்தை எடுத்துப் பார்த்தால், ஐந்திலும் ஒரே நடிகர் இருக்கிறார். ஜாக்கி சான் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த ஆண்டு வந்த அவருடைய 'போலீஸ் ஸ்டோரி 3' கூட அந்த ஐந்துக்குள் இல்லை. ஐந்திலும் இருந்தவர் ஸ்டீபன் சௌ. அப்போது அவருக்கு முப்பது வயது. 2016இல் 'தி மெர்மெய்ட்' என்ற படம் சீனாவில் 339 கோடி யுவான் வசூலித்து, அதுவரை அங்கே ஓடிய எல்லாப் படங்களையும் முந்தியது. அதுவும் ஸ்டீபன் சௌ படம்தான். ஆனால் அதில் அவர் நடிக்கவில்லை. அவர் பேசி வளர்ந்த கான்டனீஸும் அதில் இல்லை, படம் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் எடுக்கப்பட்டது.

நகைச்சுவை நடிகர் இயக்குநராவது எந்த ஊர் சினிமாவிலும் நடப்பதுதான். தனக்குப் பொருந்தும் வேடத்தைத் தானே எழுதி, தன் முகத்துக்கு இன்னும் நல்ல வெளிச்சம் கிடைக்கும்படி எடுத்துக்கொள்ளவே பெரும்பாலானவர்கள் இயக்கத்துக்கு வருகிறார்கள். சௌ நேர்மாறாகப் போனார். அவரை நட்சத்திரமாக்கியவை இரண்டு: நாக்கும் முகமும். இயக்கத் தொடங்கிய பிறகு முதலில் பேச்சைக் குறைத்தார், அப்புறம் முகத்தையும் எடுத்துவிட்டார். அவர் படங்களில் கடைசிவரை நின்றது, யாரும் பொருட்படுத்தாத ஒரு ஆள் மட்டும்தான்.

இதைப் புரிந்துகொள்ள, கான்டனீஸ் நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஹாங்காங் மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது கான்டனீஸ். ஆனால் 1970களின் தொடக்கத்தில் அங்கே எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் மாண்டரினில் இருந்தன. ஷா பிரதர்ஸ் போன்ற பெரிய ஸ்டுடியோக்கள் தைவான், தென்கிழக்கு ஆசியா என்று பரந்த சந்தையைப் பார்த்துப் படம் எடுத்ததால், 1972 வாக்கில் கான்டனீஸ் படங்கள் ஏறக்குறைய நின்றே போயிருந்தன. 1973இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' நிலைமையை மாற்றியது. ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஏழைகளும் அவர்களைப் பிழியும் வீட்டுக்காரியும்தான் கதை. பேச்சு முழுக்கக் கான்டனீஸ். மறு ஆண்டே, தொலைக்காட்சியில் பேர் வாங்கியிருந்த மைக்கேல் ஹுய் தானே எழுதி, இயக்கி, நடித்த 'கேம்ஸ் கேம்ப்ளர்ஸ் ப்ளே' வந்தது. சம்பளக்காரனின் அற்ப ஆசைகளையும் கஞ்ச முதலாளியின் தந்திரங்களையும் தெருப் பேச்சில் வைத்துச் சிரிக்க வைத்தார் ஹுய். நடிகரே இயக்குநராகிற வழியைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். சௌ அந்த வழியில் வந்தவர்.

சௌ பிறந்தது 1962இல். பெற்றோர் பிரிந்த பிறகு தாய்தான் வளர்த்தார், உடன்பிறந்தவர்கள் இரண்டு சகோதரிகள். சிறுவனாக 'தி பிக் பாஸ்' படத்தில் புரூஸ் லீயைப் பார்த்ததிலிருந்து தற்காப்புக் கலை நட்சத்திரமாக வேண்டும் என்பதுதான் ஆசை. சிரிப்பு நடிகராக வேண்டும் என்று நினைத்தவர் இல்லை. 1980களின் தொடக்கத்தில் நண்பர் டோனி லியங்குடன் டிவிபி தொலைக்காட்சியின் நடிகர் பயிற்சி வகுப்புக்கு விண்ணப்பித்தார். டோனி லியங் தேர்வானார். சௌவுக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை, பிறகு மாலை வகுப்பில்தான் சேர முடிந்தது. அதன்பின் சில ஆண்டுகள் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளர் வேலை. இடையிடையே தொடர்களில் கூட்டத்தோடு நிற்கும் வேடங்கள்.

அப்படி ஒன்று 1983இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் தி காண்டர் ஹீரோஸ்' தொடரில் கிடைத்தது. பெயர் இல்லாத வேடம், வந்ததும் ஒரே அடியில் சாக வேண்டும். முதல் அடியைக் கையால் தடுத்துவிட்டு இரண்டாவது அடியில் சாகட்டுமா என்று கேட்டதாகவும், நேரம் இல்லை என்று மறுத்துவிட்டதாகவும் சௌ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் இயக்கிய படங்களின் விதை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சாகப்போகிற ஒரு துணை நடிகருக்கும் தன் சாவு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் உண்டு. அந்த எண்ணத்தைக் கேட்க ஆள் இல்லை.

1988இல் 'ஃபைனல் ஜஸ்டிஸ்' என்ற குற்றப் படத்தில் கார் திருடனாக வந்து, தைவானின் கோல்டன் ஹார்ஸ் விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது வாங்கினார். அது சிரிப்பு வேடம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சிரிப்பு வந்தது 1989இல் டிவிபி தொடர்கள் வழியாக. அடுத்த ஆண்டு 'ஆல் ஃபார் தி வின்னர்'. இன்னொரு நட்சத்திரமான சௌ யுன் ஃபட் நடித்த 'காட் ஆஃப் கேம்ப்ளர்ஸ்' படத்தைக் கேலி செய்து எடுத்த அந்தப் படம், 4 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டி வசூல் சாதனையை உடைத்தது. 1991இல் 'ஃபைட் பேக் டு ஸ்கூல்' அதையும் உடைத்தது. 1990, 1991 இரண்டு ஆண்டுகளில் மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

அந்தப் படங்களின் பாணிக்கு ஹாங்காங்கில் 'மோ லெய் தாவ்' என்று பெயர். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் வந்து விழும் நகைச்சுவை. சீரியஸான காட்சி நடுவில் சம்பந்தமே இல்லாத ஒரு பொருள் வரும், எதிராளி கேட்ட கேள்விக்கு வேறெங்கோ போகும் பதில் வரும், வீரன் முழங்கிக்கொண்டிருக்கும்போதே பேச்சு காய்கறி விலைக்குத் திரும்பும். இது வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. ஒன்று கான்டனீஸ் மொழி. ஒரே ஓசையை ஏற்றி இறக்கினால் வேறு வேறு பொருள் தரும் மொழி அது, சிலேடைக்கும் கொச்சைக்கும் வளமான நிலம். சௌவின் வசனம் அன்றைய தெருவில் பிறந்து மறுநாள் தெருவுக்கே திரும்பியது. இன்னொன்று எங் மான்-டாட். மாமாவாக, குருவாக, அடியாளாக, எப்படி வந்தாலும் சௌவின் கவுன்டரை வாங்கிக்கொண்டு முகத்தைச் சற்றும் தளர்த்தாமல் நிற்கும் நடிகர். சௌ எதுவுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார், எங் மான்-டாட் எல்லாமே தனக்கு நடந்துவிட்ட மாதிரி நிற்பார். அந்த இரண்டு முகங்களுக்கு இடையில்தான் பாதிச் சிரிப்பு பிறந்தது.

மொழியை இவ்வளவு நம்பியிருக்கும் நகைச்சுவை ஊர் தாண்டாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தைவானிலும் சீனாவிலும் சௌவைப் பார்த்தவர்கள் கேட்டது அவர் குரலையே அல்ல, தைவானைச் சேர்ந்த டப்பிங் கலைஞர் ஷி பான்யூவின் குரல். உச்சத்தில் கீச்சிட்டுப் போகும் அந்தச் சிரிப்புதான் கோடிக்கணக்கான மாண்டரின் ரசிகர்களுக்கு ஸ்டீபன் சௌ.

சரி, வெற்றியின் உச்சியில் இருந்தவர் ஏன் இயக்க வந்தார்? அன்றைய ஹாங்காங் படவேலை நடந்த விதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. திரைக்கதை பல சமயம் படப்பிடிப்புத் தளத்திலேயே எழுதப்படும். சில வாரங்களில் படம் முடிந்து திரைக்கு வந்துவிடும். நட்சத்திரம் தன் சிரிப்பைத் தானே யோசித்துக் கொண்டுவர வேண்டும். ஆக, இயக்குநர் நாற்காலியில் யார் இருந்தாலும் சௌ ஏற்கனவே பாதி இயக்கிக்கொண்டுதான் இருந்தார். 1994இல் 'ஃப்ரம் பெய்ஜிங் வித் லவ்' படத்தில் லீ லிக்-சீயுடன் சேர்ந்து முதல்முறையாக இயக்குநர் என்று பெயர் போட்டுக்கொண்டார். ஜேம்ஸ் பாண்டைக் கேலி செய்யும் கதை. இங்கே உளவாளி பன்றிக்கறி விற்கிறவன், கையில் துப்பாக்கிக்குப் பதில் வெட்டுக்கத்தி. அவனுக்கு ஒரு கண்டுபிடிப்பாளர் கருவிகளைக் காட்டுகிறார். அதில் ஒன்று சூரிய சக்தி டார்ச், வெளிச்சம் இருந்தால் மட்டும்தான் எரியும். ஒரு கையை விளக்குக்கு நேரே கொண்டுபோனாலே புரிந்துவிடும் சிரிப்பு இது. மொழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. 1994இலேயே அவர் கண் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி.

மறு ஆண்டு 'எ சைனீஸ் ஒடிஸி' இரண்டு பாகங்களாக வந்தது. இயக்கியவர் ஜெஃப் லாவ், தயாரித்தது சௌவின் சொந்த நிறுவனம். சீனப் பழங்கதையின் குரங்கு அரசனைக் காதல் சோகத்துக்குள் திருப்பிய அந்தப் படத்தைச் சீனாவின் நிங்சியா பாலைநிலத்தில் எடுத்தார்கள். எதிர்பார்த்த வசூல் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, திருட்டு விசிடி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் சீனக் கல்லூரி மாணவர்களிடம் போய்ச் சேர்ந்து, அவர்கள் வசனம் வசனமாக ஒப்பிக்கும் படமாக மாறியது. சீனப் பெருநிலத்தில் சௌவுக்குப் பிற்பாடு கிடைத்த வரவேற்பின் அடித்தளம் இந்தத் தோல்விப் படம்தான்.

1996இல் வந்த 'தி காட் ஆஃப் குக்கரி' என்னைப் பொறுத்தவரை அவர் இயக்கிய முதல் முழுமையான படம். தலைக்கனம் பிடித்த தொலைக்காட்சிச் சமையல்காரன் ஒருவன் எல்லாவற்றையும் இழந்து தெருவுக்கு வருகிறான். சாலையோரக் கடை வைத்திருக்கும் ஒரு முரட்டுப் பெண் அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு கொடுக்கிறாள்: சுட்ட பன்றிக்கறி, மேலே ஒரு முட்டை. கடைசிப் போட்டியில் அவன் சமைப்பது அதே சோற்றைத்தான். சாப்பிடும் நடுவரின் கண்ணில் நீர் வழிகிறது, வெங்காயம் சேர்த்திருக்கிறான் என்று விளக்கமும் வருகிறது. காரணம் வெங்காயமும்தான், வெங்காயம் மட்டும் அல்ல என்று பார்ப்பவருக்குத் தெரியும். சிரிப்பையும் கண்ணீரையும் ஒரே கிண்ணத்தில் பரிமாற முடியும் என்று அவர் காட்டிய இடம் இது. படத்துக்குப் பிறகு ஹாங்காங் உணவகங்கள் படத்தில் வந்த பெயரிலேயே அந்தச் சோற்றை விற்கத் தொடங்கின.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து 'கிங் ஆஃப் காமெடி'. கடலோரக் கிராமமான ஷெக் ஓவில் வாழும் ஒரு துணை நடிகன், ரஷ்ய நாடக ஆசான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, செத்துக் கிடக்கும் வேடத்துக்குக்கூட உள்மனக் காரணம் தேடுகிறான். படப்பிடிப்பில் சாப்பாட்டுப் பொட்டலம் கூட அவனுக்குக் கொடுக்க மறுக்கிறார்கள். மறுப்பவராக நடித்தவர் எங் மான்-டாட். 1983இல் 'இரண்டாவது அடியில் சாகட்டுமா' என்று கேட்ட பையன் இங்கே படத்தின் நாயகனாகவே வந்துவிட்டான். இந்தப் படத்தில் சௌ தன்னுடைய வழக்கமான வேகப் பேச்சை நன்றாகவே அடக்கியிருக்கிறார். விலைமகளாக வரும் செசிலியா சுங் விடிகாலையில் கிளம்பிப் போகும்போது, இவன் பின்னால் ஓடிவந்து தயங்கித் தயங்கி 'நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறான். உன்னையே நீ பார்த்துக்கொள், முட்டாள் என்கிறாள் அவள். வண்டியில் ஏறிய பிறகு அழுகிறாள். சிலேடை கிடையாது, கவுன்டர் கிடையாது. சீன மொழி பேசும் ரசிகர்களில் இந்த இரண்டு வரி தெரியாதவர்கள் குறைவு.

இதற்கிடையில் அவர் காலடியில் நிலமே நகர்ந்துகொண்டிருந்தது. 1993இல் 'ஜுராசிக் பார்க்' ஹாங்காங் வசூலில் உள்ளூர்ப் படங்களை எல்லாம் முந்தியது. திருட்டு விசிடி பரவியது, 1997 ஆசிய நிதி நெருக்கடி வந்தது, ஆண்டுக்கு இருநூறு படம் எடுத்த தொழில் சுருங்கிப்போனது. தெருப் பேச்சை மட்டும் நம்பி, சில வாரங்களில் ஒரு படம் எடுத்துப் பிழைக்கும் காலம் முடிந்துவிட்டது. பலர் இதை விதி என்று ஏற்றுக்கொண்டபோது சௌ கணினி வரைகலையைக் கையில் எடுத்தார்.

2001இல் 'ஷாவலின் சாக்கர்'. ஷாவலின் குங்ஃபூ கற்ற அண்ணன் தம்பிகள் இன்று பாத்திரம் கழுவுகிறார்கள், குப்பை பொறுக்குகிறார்கள், வேலையில்லாமல் அலைகிறார்கள். அவர்களைத் திரட்டிக் கால்பந்து அணி அமைப்பதுதான் கதை. ஹாங்காங்கின் சென்ட்ரோ நிறுவனம் செய்த வரைகலையில் பந்து நெருப்பாகிறது, புலியாகிறது, புயலாகிறது. ஹாலிவுட் அன்று வரைகலையைப் பிரமிப்புக்குப் பயன்படுத்தியது, சௌ அதைச் சிரிப்பின் டைமிங்குக்குப் பயன்படுத்தினார். அணியில் இருந்தவர்களைப் பாருங்கள். குண்டு உடம்போடு காற்றில் மிதக்கும் லாம் ட்ஸே-சுங் அடிப்படையில் திரைக்கதை எழுதுபவர். மஞ்சள் உடையில் புரூஸ் லீ சாயலில் நிற்கும் கோல் கீப்பர் டேனி சான் அன்று யாரும் அறியாத முகம், பின்னாளில் தொலைக்காட்சித் தொடரில் புரூஸ் லீயாகவே நடித்தார். படம் ஹாங்காங்கில் 6 கோடி ஹாங்காங் டாலர் வசூலித்து உள்ளூர்ப் படங்களின் சாதனையை உடைத்தது. 2002 ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட ஏழு விருதுகள். அனுமதிச் சிக்கலால் சீனப் பெருநிலத் திரையரங்குகளில் படம் வரவே இல்லை. அமெரிக்காவில் மிராமேக்ஸ் நிறுவனம் அதை வாங்கி, கணிசமாக வெட்டி, 2004இல்தான் வெளியிட்டது. எங் மான்-டாட் சௌவுடன் சேர்ந்து நடித்த கடைசிப் படமும் இதுதான். அந்த இழப்பு அடுத்தடுத்த படங்களில் தெரிகிறது என்பது என் எண்ணம். முகத்துக்கு முகம் நின்று சிரிக்க வைக்கும் காட்சிகளை அதன்பின் சௌ அதிகம் எழுதவில்லை.

2004 கடைசியில் வந்த 'குங்ஃபூ ஹஸில்' படத்தில் அந்த மாற்றம் முழுமையாகத் தெரிகிறது. 1930களின் ஷாங்காய், ஏழைகள் குடியிருக்கும் ஒரு அடுக்குக் குடியிருப்பு, தண்ணீரை அடைத்துவைக்கும் வீட்டுக்காரி. 1973ஆம் ஆண்டின் கான்டனீஸ் படத்துக்கு இது வெளிப்படையான வணக்கம். ஆனால் அந்தப் பழைய படம் பேச்சால் நின்றது, இது உடம்பால் நிற்கிறது. வீட்டுக்காரியைக் கொல்ல சௌவும் கூட்டாளியும் ஒளிந்து நின்று கத்தி எறியும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எறிந்த கத்தி பட்டுத் திரும்பி வந்து அவன் தோளிலேயே பாய்கிறது. கூட்டாளி ஓங்கும் அடுத்த கத்தியும் அவன் மேலேயே இறங்குகிறது. பாம்புகளைப் பிரயோகித்தால் அவை அவன் உதட்டையே கடித்து, உதடு பணியாரம் போல வீங்குகிறது. அப்புறம் வீட்டுக்காரி துரத்த, இருவர் கால்களும் கார்ட்டூனில் வருவது போலச் சக்கரமாகச் சுழல்கின்றன. இந்தக் காட்சிக்கு சப்டைட்டில் தேவையே இல்லை.

கதாநாயகி ஃபாங்குக்குப் பேச்சே வராது. வசனத்தால் புகழ்பெற்ற ஒருவர், தன் படத்தின் காதலை ஊமைப் பெண்ணிடமும் ஒரு மிட்டாயிடமும் ஒப்படைத்தார்.

முதல் பாதியில் சௌ அடிக்கடி ஓரத்துக்குப் போய்விடுகிறார். அந்த இடத்தை யாருக்குக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வீட்டுக்காரராக வரும் யுவன் வா, ஒரு காலத்தில் புரூஸ் லீக்காக டூப் போட்டவர். தலையில் சுருட்டைக் கம்பிகளும் வாயில் சிகரெட்டுமாக வீட்டுக்காரியாக வரும் யுவன் சியூ, 1974இல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டியவர், பிறகு குடும்பம் என்று ஒதுங்கியிருந்தார். பெரிய வில்லனாக வரும் புரூஸ் லியங், 1970களின் அதிரடி நாயகன், பல ஆண்டுகளாகத் திரையில் இல்லாதவர். பழைய குங்ஃபூ சினிமா பயன்படுத்திவிட்டு மறந்துபோன உடம்புகள் இவை. கூலியாள், தையல்காரர், பலகாரம் போடுகிறவர் என்று சாதாரண மனிதர்களுக்குள் மகா வித்தைக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்ற கதையும், ஓரங்கட்டப்பட்ட நடிகர்களுக்குள் நட்சத்திரங்கள் இருக்கிறார்கள் என்ற நடிகர் தேர்வும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகின்றன. ஹாங்காங்கில் 6 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டி மீண்டும் சாதனை. உலக அளவில் ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர். கோல்டன் ஹார்ஸில் சிறந்த படம், சிறந்த இயக்குநர்.

இந்தப் படத்தின் பணம் வந்த வழியும் முக்கியம். ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனமும் சீனாவின் ஹுவாயி பிரதர்ஸும் சேர்ந்து போட்ட பணம் அது. 2003இல் ஹாங்காங்குக்கும் சீனாவுக்கும் இடையே கையெழுத்தான வணிக ஒப்பந்தம், ஹாங்காங் படங்களை வெளிநாட்டுப் படங்களுக்கான ஒதுக்கீட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. கூட்டுத் தயாரிப்பு சீனப் படமாகவே கணக்கிடப்படும். அதற்கு விலையாகச் சீனத் தணிக்கை, சீன நடிகர்கள், மாண்டரின். எழுபது லட்சம் பேர் வாழும் நகரத்தின் பேச்சில் நூறு கோடி பேருக்குப் படம் எடுக்க முடியாது. காட்சியை நம்பி ஏற்கனவே நகர்ந்துவிட்ட சௌ, இந்த மாற்றத்தில் மற்ற ஹாங்காங் நகைச்சுவைக்காரர்களைப் போலத் தடுமாறவில்லை.

2008இல் 'சிஜே7'. கட்டட வேலை செய்யும் ஏழை அப்பாவாகக் கொஞ்ச நேரமே வருகிறார். படம் அவர் மகனாக நடித்த குழந்தையுடையது, அந்தப் பையன் வேடத்தில் நடித்தது ஷு ஜியாவ் என்ற சிறுமி. சௌ நடித்த கடைசிப் படம் இதுதான். 2013இல் 'ஜர்னி டு தி வெஸ்ட்' முழுக்க இயக்குநராக மட்டும், டெரெக் குவோக்குடன் சேர்ந்து. 120 கோடி யுவானுக்கும் மேல் வசூல். பிறகு 'தி மெர்மெய்ட்'. கடலை நிரப்பி நிலம் விற்கும் பணக்காரனுக்கும் அவனைக் கொல்ல அனுப்பப்பட்ட கடற்கன்னிக்கும் இடையிலான கதை. அதில் ஒரு காவல் நிலையக் காட்சி இருக்கிறது. பாதி மனிதன், பாதி மீன் என்று கதாநாயகன் பதறிக்கொண்டு சொல்லச் சொல்ல, இரண்டு போலீஸ்காரர்கள் பொறுமையாகப் படம் வரைந்து வரைந்து காட்டுகிறார்கள். ஒவ்வொரு படமும் முந்தையதைவிடத் தப்பாக வருகிறது. பழைய மோ லெய் தாவ் இங்கே உயிரோடு இருக்கிறது. சௌ நடித்திருக்க வேண்டிய முகபாவத்தை வேறொருவர் நடிக்கிறார், அவ்வளவுதான்.

ஹாங்காங் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இதில் மனக்குறை உண்டு, அது நியாயமானது. அவர்கள் இழந்தது ஒரு நடிகரை மட்டும் அல்ல, தங்கள் தெருவின் பேச்சைத் திரையில் கேட்கும் வாய்ப்பை. சௌவின் பிற்காலப் படங்களில் உணர்ச்சி சில இடங்களில் மிகையாகவும் போகிறது. 'கிங் ஆஃப் காமெடி'யில் ஒரு பார்வையில் முடிந்த விஷயத்தை 'தி மெர்மெய்ட்' இரத்தமும் கதறலுமாக நீட்டுகிறது. 2019இல் 'தி நியூ கிங் ஆஃப் காமெடி' என்று தன் பழைய கதைக்கே திரும்பினார். பெரும்பாலானோர் அறியாத எ ஜிங்வென் என்ற நடிகையைத் துணை நடிகை வேடத்தில் நாயகியாக்கினார். எண்ணம் பழையதுதான், நேர்மையானதுதான். ஆனால் சொந்தப் பட்டினியிலிருந்து எடுத்த முதல் படத்தின் கூர்மை இதில் இல்லை, வசூலும் முந்தைய உயரத்துக்குப் போகவில்லை.

1994 முதல் 2019 வரை இயக்குநராகப் பத்துப் படங்கள். ஒரே ஆண்டில் அத்தனை படம் நடிக்கப் பழகியவருக்கு இது மெதுவான வேகம்தான். புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் வழக்கம்போல 'குங்ஃபூ ஹஸில்' பக்கம் போவார்கள், அது தவறும் இல்லை. ஆனால் நான் சொல்வது, முதலில் 'தி காட் ஆஃப் குக்கரி', அடுத்து 'கிங் ஆஃப் காமெடி', அதன்பின் மற்றவை. இரண்டையும் டப்பிங்கில் பார்க்காமல் கான்டனீஸ் ஒலித்தடத்தில், சப்டைட்டிலோடு பாருங்கள். பிற்பாடு அவர் ஒதுக்கி வைத்த குரல் எப்படி ஏறி இறங்கியது என்பது அங்கேதான் கேட்கக் கிடைக்கும்.